எத்தனை மாதம் ஆகும்? வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் ஒரு மூலையில், 'முயற்சி செய்யும் தம்பதிகளில் 85 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும்' என்று இரண்டு வரி போட்டிருந்தோம். அட்டைப்படக் கட்டுரைக்குக்கூட இத்தனை கடிதம் வரவில்லை. சிகிச்சை பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

கேள்வி: எட்டு மாதமாக முயற்சி செய்கிறோம். என் தோழிக்கு முதல் மாதமே நாள் தள்ளிப்போய்விட்டது. உங்கள் 85 சதவீதக் கணக்கைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நிஜமாகவே யாராவது தம்பதிகளைக் கூடவே இருந்து எண்ணினார்களா, இல்லை குத்துமதிப்பா?

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த எண் பரவலாக எடுத்தாளப்படுவது 1956-இல் ஆலன் கட்மாக்கர் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 5,574 பெண்களின் விவரம் அதில் இருந்தது. மூன்று மாதத்துக்குள் பாதிப் பேர், ஆறு மாதத்துக்குள் 72 சதவீதம், பன்னிரண்டு மாதத்துக்குள் 85 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 5,574 பேருமே கடைசியில் கருத்தரித்தவர்கள். கருத்தரிக்காமலே போனவர்கள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அதாவது, 'முயற்சி செய்தவர்களில் எத்தனை பேருக்கு' என்று நாம் கேட்கிறோம், 'கருத்தரித்தவர்களில் எத்தனை பேருக்குச் சீக்கிரம்' என்பதற்கு அந்த எண் பதில் சொல்கிறது. இன்னொன்றையும் பாருங்கள், உங்களைப் பயமுறுத்திய அந்த மிச்சம் 15 சதவீதம் பேரும் அதே கணக்குப்படி பிறகு கருத்தரித்தவர்கள்தான்.

இதற்கு நேர்மாறாக, முயற்சியைத் தொடங்கும்போதே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எண்ணிய ஆய்வுகளும் உண்டு. 2003-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்றில் 346 பெண்கள். முதல் மாதவிடாய்ச் சுழற்சியிலேயே 38 சதவீதம், மூன்றுக்குள் 68, ஆறுக்குள் 81, பன்னிரண்டுக்குள் 92. இது ஏன் இத்தனை வேகம் என்றால், அவர்கள் எல்லோரும் உடல் வெப்பம் முதலான அறிகுறிகளை வைத்து, கரு தங்கக்கூடிய நாட்களைக் கணக்கிடத் தெரிந்தவர்கள். அடுத்த வருடமே 2004-இல், ஐரோப்பாவின் ஏழு மையங்களில் 782 தம்பதிகளின் தரவை வைத்து டேவிட் டன்சன் குழு வயதுவாரியாக ஒரு மதிப்பீடு போட்டது: பன்னிரண்டு சுழற்சி ஆகியும் கருத்தரிக்காதவர்கள், பெண்ணின் வயது 19 முதல் 26 வரை என்றால் 8 சதவீதம், 27 முதல் 34 வரை 13-14 சதவீதம், 35 முதல் 39 வரை 18 சதவீதம். அப்படித் தவறியவர்களிலும் வயதைப் பொறுத்து 43 முதல் 63 சதவீதம் பேர் அடுத்த பன்னிரண்டு சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கக்கூடியவர்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

ஆக எட்டு மாதம் என்பது எந்தக் கணக்கிலும் விசித்திரம் இல்லை. உங்களுக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதத்தோடு பரிசோதனைக்குப் போவது வழக்கம், அதற்குக் கீழே என்றால் ஒரு வருடம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். தோழியோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: முதல் மாதம்தான் வாய்ப்பு அதிகம், போகப் போகக் குறையும் என்று படித்தேன். மாதாமாதம் எங்கள் உடல் தளர்ந்துகொண்டே போகிறதா?

பதில்: இல்லை. இது நூறு பேரைச் சேர்த்து எண்ணுவதால் வரும் மாயம், உடம்பில் நடப்பது அல்ல. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நூறு தம்பதிகள். ஐம்பது பேருக்கு மாதம் 40 சதவீத வாய்ப்பு, மற்ற ஐம்பது பேருக்கு மாதம் 10 சதவீதம். யாருடைய வாய்ப்பும் மாறுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 20-ம் 5-ம் சேர்த்து 25 பேருக்குக் கரு தங்கும். மிச்சம் 75 பேர், அதில் வேகமானவர்கள் 30, மெதுவானவர்கள் 45. அடுத்த மாதம் இந்த 75 பேரில் 22 சதவீதம். அதற்கடுத்து 19, அப்புறம் 17, அப்புறம் 15. எண் இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் ஒருவர் உடம்பிலும் எதுவும் தளரவில்லை! வேகமானவர்கள் முதலில் கிளம்பிப் போய்விட, வரிசையில் மெதுவானவர்களின் பங்கு கூடுகிறது, அவ்வளவுதான்.

மாதத்துக்கு இத்தனை வாய்ப்பு என்று அளக்கும் யோசனையை 1924-இல் முன்வைத்தவர் கொராடோ ஜீனி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர். அந்த வாய்ப்பு தம்பதிக்குத் தம்பதி வேறுபட்டால் காத்திருக்கும் காலம் எப்படி நீளும் என்பதை 1964-இல் மிண்டெல் ஷெப்ஸ் கணித ரீதியாக அலசினார். இன்றைக்கும் இந்தத் துறை அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. வயது ஏற ஏற வாய்ப்பு குறையும் என்பது தனி விஷயம், அது மாதக் கணக்கில் தெரிகிற வேகத்தில் நடப்பதில்லை.

கேள்வி: 'முயற்சி' என்று எந்த நாளிலிருந்து எண்ணுவது? நாங்கள் தடுக்கவும் இல்லை, நாள் பார்த்து முயலவும் இல்லை.

பதில்: உங்களைப் போன்றவர்களைப் பார்த்தால்தான் ஆய்வாளர்களுக்குத் தலைவலி. விருப்பத்தைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவதால், பல ஆய்வுகள் நடத்தையைக் கேட்கின்றன: கருத்தடையை நிறுத்தி, உறவும் இருந்த மாதங்கள் எத்தனை? ஒருவர் ஊரில் இல்லாத மாதத்தைச் சேர்க்கக் கூடாது.

மாதமா சுழற்சியா என்பது அடுத்த தகராறு. 26 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஒரு வருடத்தில் பதினான்கு வாய்ப்பு, 35 நாள் உள்ளவருக்குப் பத்துதான். இரண்டு பேருக்கும் 'ஒரு வருடம்' என்று ஒரே பேர் வைக்கிறோம். அதனால் முடிந்தவரை சுழற்சியை எண்ணுவதே மேல். முதல் சுழற்சியிலேயே கரு தங்கினால் அது 1, பூஜ்யம் அல்ல. சிரிக்காதீர்கள், 'உடனே' என்று பதில் எழுதியவரை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் கெட்டுப்போன தரவுகள் நிறைய.

எங்கே முடிப்பது என்பதும் லேசில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ், கிளாரிஸ் வைன்பர்க், டோனா பேர்ட் மூவரும் 1980-களில் நடத்திய ஆய்வில் 221 பெண்கள் கருத்தடையை நிறுத்திய நாளிலிருந்து தினமும் காலையில் முதல் சிறுநீரைச் சின்னக் குப்பியில் எடுத்து உறைய வைத்துக் கொடுத்தார்கள். அதில், கரு தங்கியதும் சுரக்கத் தொடங்கும் ஹெச்.சி.ஜி ஹார்மோனைத் தேடியபோது, தொடங்கிய கர்ப்பங்களில் 22 சதவீதம் வழக்கமான முறையில் தெரியவருமுன்பே கலைந்துபோயிருந்தது புலப்பட்டது. அந்தப் பெண்ணைக் கேட்டால் 'இந்த மாதமும் இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார். கருத்தரிக்க நாளாகிறது என்று நாம் எழுதிக்கொள்வதில் ஒரு பகுதி, கரு தங்கி நிலைக்காமல் போனது.

கேள்வி: நான் பொது சுகாதாரம் படிக்கும் மாணவி. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம் 'கருத்தரிக்க எத்தனை மாதம் ஆனது' என்று கேட்டு ஆய்வறிக்கை எழுதப் போகிறேன். என் வழிகாட்டி 'இதில் ஏகப்பட்ட சாய்வு இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்ன சாய்வு என்று சொல்லவில்லை.

பதில்: சாய்வு என்றால் முடிவை ஒரு பக்கமாக இழுத்துவிடும் கோளாறு. உங்கள் வழிகாட்டி சொல்லாததை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் விஷயம் மேலே வந்துவிட்டது: வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வெற்றி பெற்றவர்கள். இன்னும் முயன்றுகொண்டிருப்பவரும், முயன்று கைவிட்டவரும் அங்கே வரமாட்டார்கள். ஆகவே மக்களில் எத்தனை சதவீதத்துக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் என்று உங்கள் ஆய்வால் சொல்ல முடியாது, சொல்லவும் போகாதீர்கள். ஆனால் கருத்தரித்தவர்களுக்குள் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடலாம். 1985-இல் பேர்டும் வில்காக்ஸும் திட்டமிட்டுக் கருத்தரித்த 678 கர்ப்பிணிகளைக் கேட்டுத்தான், புகைபிடிப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 3.4 மடங்கு என்று கண்டார்கள். எளிய முறைதான், சரியான கேள்விக்குப் பயன்பட்டது.

இரண்டாவது, திட்டமிடாமல் வந்த கர்ப்பம். கருத்தடை இருந்தும் கரு தங்கியவரிடம் 'எத்தனை மாதம் முயன்றீர்கள்' என்றால் என்ன சொல்வார்? அவரை விட்டுவிடத்தான் வேண்டும். அப்படி விடும்போது, மிகச் சுலபமாகக் கருத்தரிப்பவர்களில் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து தள்ளுகிறோம். கருத்தடையை அஜாக்கிரதையாகப் பயன்படுத்தும் குழுவும் ஒழுங்காகப் பயன்படுத்தும் குழுவும் உங்கள் ஆய்வில் எதிரெதிரே நின்றால், வித்தியாசம் அங்கிருந்தே வந்துவிடும். குறைந்தபட்சம் எத்தனை பேரை இப்படி விட்டீர்கள் என்பதைக் குழுவாரியாக எழுதுங்கள்.

மூன்றாவது ஞாபகம். தரவை வரைபடமாகப் போட்டதும் 6-லும் 12-லும் கோபுரம் மாதிரி இரண்டு தூக்கல் தெரியும், 7-ம் 11-ம் பள்ளத்தில் கிடக்கும். எல்லோரும் 'அரை வருஷம்', 'ஒரு வருஷம்' என்றே ஞாபகம் வைத்திருப்பதால் வரும் வினை. இதைத் துல்லியமான எண் என்று நம்பி தசம புள்ளி வரை சராசரி போடாதீர்கள், சராசரியே வேண்டாம். 1990-களில் பிரிட்டனில் மைக்கேல் ஜோஃப் பழைய பதிவுகளோடு பெண்களின் நினைவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல வருடம் கழித்துக் கேட்டாலும் குழுவாகப் பார்த்தால் வடிவம் ஒத்துப்போனது, தனி ஆளாகப் பார்த்தால் முன்னே பின்னே இருந்தது. உங்களுக்கு இது நல்ல செய்திதான்.

'அப்படியானால் முயற்சியைத் தொடங்குபவர்களைப் பிடித்துப் பின்தொடர வேண்டியதுதானே' என்பீர்கள். செய்யலாம், சிறந்ததும் அதுதான். ஆனால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிச்சிகனிலும் டெக்சாஸிலும் 2005 முதல் 2009 வரை நடந்த 'லைஃப்' ஆய்வில் தகுதியான 1,188 தம்பதிகளைத் தேடிப் பிடித்து, அதில் சேர்ந்தவர்கள் 501 ஜோடி. இந்தச் சிரமத்தைத் தாண்டத்தான் டென்மார்க்கில் 2007-இல் 'ஸ்னார்ட் கிராவிட்' என்று இணையம் வழியாகவே ஆட்களைச் சேர்த்தார்கள், பின்னர் 2013-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் வட அமெரிக்காவில் 'பிரெஸ்டோ'வைத் தொடங்கியது. அங்கே ஏற்கனவே சில மாதம் முயன்றவர்களும் சேர்வார்கள். நான்காவது சுழற்சியில் சேர்ந்து ஆறாவதில் கருத்தரித்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை 4, 5, 6 சுழற்சிகளின் கணக்கில் மட்டும்தான் சேர்க்க வேண்டும். முதல் மூன்றில் அவரைச் சேர்த்தால், அந்த மூன்றில் கருத்தரித்து உங்கள் பக்கமே வராமல் போனவர்களை ஏமாற்றியது போல ஆகும். நடுவில் விலகியவரையும் சிகிச்சைக்குப் போனவரையும் தூக்கி எறியக் கூடாது, அதுவரை இருந்த சுழற்சிகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே நிறுத்த வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 2002-இல் டென்மார்க்கின் நீல்ஸ் கைடிங்கும் சகாக்களும் முன்வைத்தது. இப்போது முயன்றுகொண்டிருப்பவர்களிடம் 'இதுவரை எத்தனை மாதமாக' என்று ஒரே ஒரு தடவை கேட்பது. பேருந்து நிறுத்தத்துக்குப் போய், நிற்பவர்களிடம் எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்பது போல. நீண்ட நேரம் காத்திருப்பவர்தான் அதிகம் கண்ணில் படுவார், அதே சமயம் அவர் காத்திருப்பும் பாதியில்தான் இருக்கிறது. இந்த இரண்டு கோணலையும் கணிதம் நேராக்கிவிடும். மாதாமாதம் ஒரே அளவில் புதியவர்கள் முயற்சியைத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இப்போது சரியாகப் பன்னிரண்டு மாதம் முடித்திருப்பவர்கள், புதிதாகத் தொடங்கியவர்களில் எத்தனை பங்கோ, அதுதான் ஒரு வருடம் ஆகியும் கருத்தரிக்காமல் இன்னும் முயல்பவர்களின் பங்கு. சிக்கல் அந்தப் புதியவர்களிடம்தான், நேற்றுத் தொடங்கியவர் அதை வெளியே சொல்லமாட்டார்.

முறை மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்கத் தேசியக் குடும்ப வளர்ச்சிக் கணக்கெடுப்பின் ஒரே தரவை 2013-இல் இரண்டு விதமாகக் கணக்கிட்டார்கள். பழைய முறையில் கருத்தரிப்பின்மை 7.0 சதவீதம், கைடிங் முறையில் 15.5. எதுவும் பொய் இல்லை. சதவீதம் போட வகுக்கும் மொத்த எண்ணிக்கையில், பழைய முறையில் கருத்தடையில் இருப்பவர்களும் அடக்கம், புதியதில் கருத்தரிக்க முயல்பவர்கள் மட்டும்.

கேள்வி: காபி குடித்தால் கருத்தரிக்க நாளாகும் என்கிறார்களே?

பதில்: 1988-இல் அதே வட கரோலினா குழு 104 பெண்களை வைத்து, நாளுக்கு ஒரு கோப்பைக் காபிக்கு மேல் காஃபின் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் வாய்ப்பு பாதியாக இருந்தது என்று வெளியிட்டது. பெரிய பரபரப்பு. பிறகு வந்தவை அதை அப்படியே உறுதி செய்யவில்லை. டென்மார்க்கின் ஸ்னார்ட் கிராவிட் ஆய்வு 2012-இல் காஃபினுக்கும் தாமதத்துக்கும் பெரிதாகத் தொடர்பு காணவில்லை.

இந்த மாதிரிச் செய்திகளில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கும். பத்து மாதம் முயன்றும் கரு தங்காதவர் என்ன செய்வார்? காபியை நிறுத்துவார், எடையைக் குறைப்பார், வைட்டமின் மாத்திரை போடுவார். அந்த நேரத்தில் போய்க் கேட்டால், வைட்டமின் சாப்பிடுபவர்களுக்குத்தான் தாமதம் அதிகம் என்று தரவு காட்டும்! அதனால் நல்ல ஆய்வுகள், முயற்சி தொடங்கி மூன்று சுழற்சிக்குள் சேர்ந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒருமுறை கணக்குப் போட்டுச் சரிபார்க்கின்றன. காபி குடியுங்கள், அளவோடு.

கேள்வி: எல்லா ஆய்வும் பெண்களையே துருவுகிறதே, ஆண்கள் எங்கே?

பதில்: நியாயமான கோபம். அளப்பது ஜோடியின் காலத்தை, கேட்பது ஒருவரிடம். பெண்ணிடம் சுழற்சித் தேதி இருக்கிறது, பரிசோதனைக்கு அவர்தான் வருகிறார் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். ஓரளவு சரி, மீதி சோம்பேறித்தனம். லைஃப் ஆய்வு ஆண்களையும் சேர்த்து விந்து மாதிரியும் வாங்கியது. மேலே சொன்ன டன்சன் மதிப்பீட்டிலேயே, ஆணின் வயது 35-லிருந்து 40-க்குப் போகும்போது ஒரு வருடத்தில் கருத்தரிக்காத ஜோடிகள் 18 சதவீதத்திலிருந்து 28-க்கு ஏறுகிறார்கள்.

கேள்வி: அடுத்தவர் படுக்கையறையில் மூக்கை நுழைத்து மாதத்தை எண்ணுவதால் யாருக்கு என்ன லாபம்?

பதில்: பல் மருத்துவமனை உதவியாளர்களைக் கேளுங்கள். 1992-இல் வெளியான ஒரு ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவில் 418 பேரிடம் இப்படித்தான் எண்ணினார்கள். வலி தெரியாமலிருக்கத் தரும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை, உறிஞ்சி வெளியேற்றும் கருவி இல்லாத அறையில் வாரத்துக்கு ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ சுவாசிக்க நேர்ந்தவர்களுக்கு, ஒவ்வொரு சுழற்சியிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களின் 41 சதவீதம்தான். கருவி இருந்த இடங்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இவர்களில் யாரும் நோயாளி இல்லை, எந்த மருத்துவக் கோப்பிலும் இது பதிவாகியிருக்காது. மாதத்தை எண்ணியதால் மட்டும் வெளியே வந்தது.

கேள்வி: மனிதர்களின் கருத்தரிக்கும் திறன் தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறது என்பது உண்மையா?

பதில்: காத்திருப்புக் காலத்தை வைத்து அதை நிரூபிப்பது கஷ்டம். பிரிட்டனில் 1961 முதல் 1993 வரையான காலத்தை ஜோஃப் பார்த்தபோது திறன் குறையவில்லை, கூடியதாகவே தெரிந்தது. ஆனால் 2005-இல் மார்க்கு சால்மென் குழு, அப்படி ஒப்பிடவே முடியாமல் போகலாம் என்று எச்சரித்தது. கருத்தடையின் தரமும் கருக்கலைப்பு வசதியும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. திட்டமிடாத கர்ப்பங்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், 1960-களில் 'திட்டமிட்டவர்கள்' என்று வரும் கூட்டமும் 1990-களில் வரும் கூட்டமும் ஒன்றல்ல. இடையில் சிகிச்சையும் வந்துவிட்டது. பிறப்பு விகிதம் குறைவதை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள், பெற்றுக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு, முடியாமல் போவது வேறு. விந்தணு எண்ணிக்கை பற்றி வந்த கடிதங்கள் தனியாக ஒரு கட்டு இருக்கிறது, அவை அடுத்த இதழில்.